டீ ஆறுவதற்குள் வந்த ரீ-என்ட்ரி

தம்மாம், சவுதி அரேபியா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள செல்வம்,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். மகனுக்கு ஜுபைலில் வேலை கிடைத்த சந்தோஷத்தை எல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாயே, "இப்பவும் நம்ம காலம் மாதிரிதானாடா? ஊருக்கு வரணும்னா முதலாளி கபீல் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கணுமா?" என்று. அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் வீட்டுச் சேதி. போன மாதம் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தங்கச்சி போன் பண்ணும்போது இங்கே காலை பத்து மணி. நேராக எச்.ஆர். பையனிடம் போனேன். மலப்புறத்துக்காரன், நம் பிள்ளைகள் வயசு. முதலில் ஒரு சுலைமானி டீயைக் கையில் கொடுத்தான். அப்புறம் கம்ப்யூட்டரில் கம்பெனிகளுக்கான முகீம் தளத்தைத் திறந்து என் இகாமா (குடியிருப்பு அனுமதி) நம்பரைத் தட்டிவிட்டு, "எத்தனை நாள் இக்கா?" என்றான். அறுபது என்றேன். கட்டணம் இரண்டு மாதத்துக்கு 200 ரியால், அதற்கு மேல் மாதம் நூறு. என் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் பாஸ்போர்ட் இலாகாவான ஜவாசாத்திலிருந்து மெசேஜ், ஊர் போய்த் திரும்புவதற்கான ரீ-என்ட்ரி விசா போட்டாகிவிட்டது. கையிலிருந்த டீ ஆறவில்லை.

அன்று இரவே கிளம்பி, கொழும்பு வழியாகத் திருச்சி. மறுநாள் சாயங்காலம் உம்மா பக்கத்தில் இருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஞ்சியை நான் ஊட்டினால்தான் குடிப்பேன் என்று அடம். இப்போது வாக்கர் பிடித்து முற்றம் வரை நடக்கிறார்கள். உன்னையும் விசாரித்தார்கள்.

இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் நினைவுக்கு வந்தது 1998தான்.

புதன்கிழமை ராத்திரி கேம்ப் போனுக்கு உன் தம்பி பேசினான். நீ ரிசீவரை வைத்துவிட்டு, "அப்பா போயிட்டார்டா" என்றாய். வியாழனும் வெள்ளியும் ஜவாசாத் லீவு. (நீ ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊர் போன பிறகு, 2013இல், வார லீவை வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டார்கள்.) பாஸ்போர்ட் கபீலின் இரும்புப் பெட்டியில். சாவி கபீலிடம். கபீல் பாலைவனத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை நீயும் நானும் ஜவாசாத் வாசலில் டைப் அடிக்கிறவனிடம் அரபியில் ஃபாரம் நிரப்பி வாங்கி வந்தோம். அதில் கையெழுத்தும் முத்திரையும் விழ இரண்டு நாள். பிறகு ஆபீஸ் காரியங்களுக்கு அலையும் மந்தூப் அதைக் கொண்டுபோய் பாஸ்போர்ட்டில் ரீ-என்ட்ரி குத்தி வாங்கி வர இன்னொரு நாள். இகாமாப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாய். முஸ்லிம் என்பதால் என் இகாமா பச்சை அட்டை, உன்னுடையது பழுப்பு. தம்மாமில் அப்போது விமான நிலையம் திறக்கவில்லை, தஹ்ரானில் கொண்டுவந்து விட்டேன். நீ ஊர் போய்ச் சேர்ந்தது ஒன்பதாம் நாள். தம்பிதான் கொள்ளி வைத்திருந்தான்.

திரும்பி வந்து நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்த வாரம் சமையல் என் முறைதானே?" என்று மட்டும் கேட்டாய்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 2021 மார்ச் 14 முதல் இங்கே சட்டம் மாறிவிட்டது. கம்பெனியில் வேலை பார்க்கிறவர், முதலாளியின் சம்மதம் இல்லாமலே தானே அரசாங்கத்தின் அப்ஷர் ஆப்பில் ரீ-என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளிக்குத் தகவல் மட்டும் போகும். ஃபைனல் எக்ஸிட்டுக்கும் அப்படித்தான். நடைமுறையில் பெரும்பாலும் கம்பெனியே போட்டுக் கொடுத்துவிடுகிறது, எனக்குக் கொடுத்ததுபோல. ஆனாலும் அந்தக் கதவு இருக்கிறது என்று தெரிந்து வேலை பார்ப்பதே வேறு மாதிரிதான். அதற்குப் பையனின் வேலை ஒப்பந்தம் தொழிலாளர் துறையின் கிவா தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வந்த முதல் மாதமே அதைப் பார்க்கச் சொல். பாஸ்போர்ட்டை யாராவது "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கேட்டால் கொடுக்கவே கூடாது. அப்படி வாங்கி வைப்பது இங்கேயே சட்டப்படி தப்பு. கார் வாங்கினால் ஃபைன் பாக்கி வைக்கக் கூடாது, ரீ-என்ட்ரி கேட்கிற அன்றுதான் அது வந்து வழிமறிக்கும்.

நாள் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரீ-என்ட்ரி "அறுபது நாள்", "தொண்ணூறு நாள்" என்று இருந்தால், நாட்டை விட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ணுவார்கள். கிளம்புவதற்கு மூன்று மாதம் அவகாசம். "இந்தத் தேதிக்குள் திரும்பு" என்று இருந்தால், போட்ட நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். ஹிஜ்ரித் தேதியை இங்கிலீஷ் தேதியாக மாற்ற நாம் சுவரில் காலண்டரை மாட்டி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டோமே, அந்தத் தலைவலி இல்லை. தேதிக்குள் திரும்பாதவர்களுக்கு முன்பு மூன்று வருடத் தடை இருந்தது. 2024 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அரபியில் உன் பையன் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். 'குரூஜ் அவ்தா' என்றால் போய்த் திரும்புவது. 'குரூஜ் நிஹாயி' என்றால் போனது போனதுதான். எங்கள் கேம்பில் ஒருவர் லீவுக்கென்று மூட்டை கட்டிச் சிரித்துக்கொண்டே போனார். அவர் தாளில் இருந்தது நிஹாயி. ஊரில் போய்த்தான் தெரிந்துகொண்டார். ஆபீசில் கைதவறியதா, கணக்குப் போட்டுச் செய்ததா, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கொரோனா கதையைச் சொன்னேனா? 2020 பிப்ரவரியில் லீவில் போனேன், மார்ச்சில் விமானம் எல்லாம் நின்றுபோனது. இகாமாவையும் ரீ-என்ட்ரியையும் சவுதி அரசாங்கமே காசு வாங்காமல் நீட்டித்துக்கொண்டு வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தாள் உயிரோடு இருந்தும் வழி இல்லையே. கடைசியில் 2021 ஜனவரியில் துபாயில் 14 நாள் தங்கி உள்ளே வந்தேன். அடுத்த வாரமே, பிப்ரவரி 3 அன்று, அந்த வழியும் அடைபட்டது. எனக்குப் பின்னால் துபாய்க்கு வந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து எல்லோரும் நேராக வரலாம் என்று ஆனது அந்த டிசம்பரில்தான். அந்தப் பதினோரு மாதத்தில் உம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு, அதற்கு முந்தைய இருபது வருடத்தில் சாப்பிட்டதைவிட அதிகம். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் அப்ஷரைத்தான் திறந்து பார்ப்பேன். போன மாதமும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன். அந்தப் புத்தி போகவே மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் மாறிவிடவில்லை. என் குடியிருப்புக்கு எதிர்வீட்டில் ஒரு ஹவுஸ் டிரைவர், ராமநாதபுரம் பக்கத்துப் பையன். வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அந்த 2021 சட்டத்துக்குள் வரவே இல்லை. மனைவிக்குப் பிரசவம், போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் கபீல் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அப்படியே நீ நின்ற மாதிரி இருந்தது. என் அரை வேக்காட்டு அரபியில் கபீலிடம் பேசிப் பார்த்தேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

உன் பையன் இன்ஜினியர், கம்பெனி விசா. அவனுக்கு அந்தப் பாடு வராது. டிக்கெட் போட்டதும் நம்பரை அனுப்பு. ஏர்போர்ட்டுக்கு நானே போகிறேன், ஜுபைல் வரை வண்டியில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு போகலாம். போகிற வழியில் அந்த இரண்டு வார்த்தையையும் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு கிலோ கொடுத்து அனுப்பு. ஒரு கிலோ எதிர்வீட்டுப் பையனுக்கு.

உன்,
காதர்