கேள்வி கேட்டதும் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் கோர்ட் செய்தியில் ‘சாட்சியிடம் தானே கேள்வி கேட்டு நீதிபதி நடுநிலை தவறினார்’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான், சும்மா போக முடியவில்லை. சாட்சியச் சட்டம் 165-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 168, உங்களுக்குத் தெரியாததா? நீதிபதி எந்தச் சாட்சியையும் எப்போதும் கேட்கலாம், வக்கீல் ஆட்சேபிக்கவே முடியாது. சாட்சியை மிரட்டக்கூடாது, ஒருபக்கம் சாயக்கூடாது, அவ்வளவுதான், அதை 1981-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

நான் இருந்த கோர்ட்டில் ஒரு வரப்புத் தகராறு, ஒரே வெட்டில் ஆள் போய்விட்டார். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வக்கீல் ‘திடீர்ச் சண்டை, முன்திட்டமே கிடையாது’ என்று, அப்படி நடந்தால் கொலைக் குற்றமாகாது என்கிற இந்திய தண்டனைச் சட்டம் 300-வது பிரிவின் நாலாவது விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சியை அரை நாள் குடைந்தார், அரசு வக்கீல் பாவம், கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: “வாய்த்தகராறு முடிஞ்சதும் இவர் எங்கே போனார்?” “வீட்டுக்குப் போயி அருவாளோட வந்தாருங்க.” வீடு ஒரு மைல் தூரம்! திடீர்ச் சண்டை வாதம் அதோடு போச்சு. அதே நீதிபதி இன்னொரு வழக்கில் இன்ஸ்பெக்டரைக் கேட்ட கேள்வியில், மகஜருக்கு (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவு) வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியது வெளியே வந்து எதிரி விடுதலையானார். அன்றைக்கு நடுநிலை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில், ஜூரி (தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது பேர்) 8-க்கு 1 என்று குற்றமில்லை என்றபோது, அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினாரே பம்பாய் செஷன்ஸ் நீதிபதி, உங்கள் கணக்கில் அவரும் ஒருபக்கம்தானோ? மனைவி தன் உறவைச் சொன்னதற்கும் நானாவதி சுட்டதற்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அதற்குள் கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கியிருக்கிறார். 1961-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தபோது, ‘திடீர்க் கோபத்தில் செய்தது’ என்ற வாதத்தைத் தள்ளியது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

அப்புறம், ‘முன்திட்டம் நிரூபணமாகாததால் கொலை ஆகாது’ என்று வேறு எழுதுகிறீர்கள். வெட்டும் நொடியில் தோன்றிய எண்ணம் போதும் ஐயா. சண்டையில் நடந்தது என்பது போன்ற விதிவிலக்கு கேட்கும்போதுதான் முன்திட்டம் இருந்ததா என்ற பேச்சே வரும். ஆனால் ஆளைப் பிடித்த அன்றே ‘திட்டமிட்டுக் கொன்ற குற்றவாளி’ என்று எட்டுப் பத்தித் தலைப்பு போட உங்களுக்கு மட்டும் எந்த நிரூபணமும் வேண்டியதில்லை. இதைப் பற்றி இரண்டு வருடம் முன்பே எழுதினேன், எந்தக் குப்பைக்கூடையோ!

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டுத் தேடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பெஞ்ச் கிளார்க்