எடை குறைக்கும் பொடிகள், வெங்காரம் விற்பனையைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: மதுரை மாவட்டத்தில் வசிக்கும் இல்லத்தரசி

பெறுநர்: ஆணையர் அவர்கள், உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை, தேனாம்பேட்டை, சென்னை

பொருள்: உடல் எடையைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் முகவரி இல்லாத பொடிகள், நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டதும் கிடைக்கும் வெங்காரம் (போராக்ஸ்) ஆகியவற்றின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், யூடியூப் வீடியோவைப் பார்த்து, உடம்பு மெலிய வேண்டும் என்று நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிற வீட்டில் அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெங்காரம் நமக்குப் புதுப் பொருள் இல்லை. நகைப் பட்டறையில் பற்றவைப்பதற்கு வைத்திருப்பார்கள். சித்த வைத்தியத்திலும் அது உண்டு, ஆனால் முறையாகச் சுத்தி செய்து (அதாவது சுத்திகரித்து), மிகச் சிறிய அளவில், வைத்தியர் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் "இது நம்ம பாட்டி வைத்தியம், பக்க விளைவே கிடையாது" என்று வீடியோவில் பேசுகிறார்கள், பார்க்கிற பிள்ளையும் நம்பி கடைக்குப் போய்ச் சுத்தி செய்யாத கட்டியை வாங்கிவந்து அப்படியே தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவு மீறினால் சிறுநீரகமே போய்விடும். கொழுப்பு எல்லாம் எதுவும் கரையாது. வாந்தியிலும் பேதியிலும் உடம்பில் இருக்கிற தண்ணீர் போவதைத்தான் எடை குறைந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். உணவில் போராக்ஸ் சேர்க்க நம் நாட்டில் அனுமதியே கிடையாது என்னும்போது, அதைத் தின்னச் சொல்லி ஒருவர் வீடியோ போட முடிகிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அடுத்தது பொடி. என் நாத்தனார் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை கூடிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள். அழகு நிலையத்தில் பழக்கமான ஒரு பெண் மூலமாக அந்தப் பாக்கெட் வந்தது. வெள்ளி நிறக் கவர், மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் ஒல்லியான இடுப்பின் படம், "100% மூலிகை" என்ற வாசகம், ஒரு வாட்ஸ்அப் எண். அவ்வளவுதான். யார் தயாரித்தது, என்ன சேர்த்தது, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், எதுவும் இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. முதலில் "பசியே எடுக்கலை அண்ணி, நல்லா வேலை செய்யுது" என்றாள். அப்புறம் தூக்கம் போனது, வாய் வறண்டது, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. விற்ற பெண்ணுக்குப் போன் செய்தால், "கழிவு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும், நடுவுல நிறுத்திடாதீங்க" என்று பதில். இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று நினைக்கிறேன், ஏனென்றால் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையையே மருந்து வேலை செய்வதற்கான அடையாளமாக மாற்றிவிடுகிறார்கள். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மருத்துவர் பொடியை உடனே நிறுத்தச் சொன்னார், நிறுத்திய பிறகு மெதுவாகச் சரியானது.

அதில் என்ன கலந்திருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அதே மருந்தை "மூலிகை" என்று சொல்லி விற்கிற எடை குறைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ரகசியமாகக் கலப்பதைப் பல நாடுகளில் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் பயப்படுகிறேன்.

இப்படி விற்பவர்கள் ஒரு சந்தில் தப்பிக்கிறார்கள். உணவு என்று கேட்டால் "இது மருந்து" என்பார்கள், மருந்து உரிமம் எங்கே என்றால் "இது வெறும் சத்துப் பொடி". ஆனால் ஐயா, உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாடு இரண்டும் உங்கள் நிர்வாகத்தின் கீழேதான் வருகின்றன. அதனால்தான் இந்த மனுவை உங்களுக்கே அனுப்புகிறேன். இரண்டு பிரிவு அலுவலர்களும் சேர்ந்து அழகு நிலையம், உடற்பயிற்சிக் கூடம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக நடக்கும் இந்த விற்பனையைச் சோதனை செய்ய உத்தரவிட வேண்டும். மாதிரி எடுத்தால் வழக்கமான கலப்படச் சோதனையோடு நிறுத்தாமல் சிபுட்ரமின் போன்ற மருந்துகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் வெங்காரம் போன்ற பொருட்களை "உண்ணக் கூடாது" என்று தமிழில் பெரிதாக எழுதிய உறையில்தான் தர வேண்டும் என்றும், எதற்கு என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றும் சித்த மருத்துவத் துறையோடு பேசி ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

வீடியோக்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டமே தடுக்கிறது. உணவைப் பற்றிய தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒரு சிலர் மீதாவது வழக்குப் போட்டால் மற்றவர்கள் யோசிப்பார்கள்.

அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டி ஒரு உணவுப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம், குறை இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எங்கே கொடுப்பது, எவ்வளவு கட்டணம் என்பதை ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கல்லூரி விடுதிகளிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

நாத்தனார் சாப்பிட்டு மீந்த பொடியும் அந்தக் கவரும், விற்ற பெண் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிவித்தால் நேரில் வந்து ஒப்படைத்து, எழுத்துப்பூர்வமாக வாக்குமூலமும் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்