தாடிக்கடை முருகேசனுக்கு

மும்பை, சயன் கோலிவாடா
ஏப்ரல் 12

அன்புள்ள முருகேசா,

ஒன்றரை வருஷமாகக் கடிதமே இல்லை என்று நீ திட்டுவதற்குள் நானே திட்டிக்கொண்டுவிட்டேன். தினமும் காலையில் போனில் ரோஜாப்பூ அனுப்புகிறவனுக்குக் கடிதம் வேறு எதற்கு என்று இருந்துவிட்டேன். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் தட்ட முடியவில்லை, மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்துவிட்டேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். விஜயாவுக்கு முட்டிவலி. பெரியவன் புனேயில், சின்னவள் பன்னிரண்டாவது எழுதி முடித்துவிட்டாள். உன் சுகர் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று மண்டை செல்வம் சொன்னான். அவன் பேச்சை நம்பக்கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன்.

போன மாதக் கடைசியில் டஹாணு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற, வார்லிப் பழங்குடிப் பையனின் தங்கைக்குக் கல்யாணம். விராரில் மாறி டஹாணு லோக்கல், அப்புறம் ஜீப்பில் ஒரு மணி நேரம், எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாலு பேர். பாதி வழியில் ரோட்டோரம் பழைய நீலப் பலகை ஒன்று: 'தாடி மாடி விற்பனை'. ஜீப்பே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். 93-ல் இந்திப் பரீட்சை பிராத்மிக் பாஸ் பண்ணிய திமிரில் அதைச் சத்தமாக வாசித்து, முகம் மழிக்க உள்ளே நுழைந்தவன் நீ. போதாததற்கு மாடிக்குப் படி எங்கே என்று அந்த ஆளிடம் கேட்டாயே! பனங்கள் தாடி, தென்னங்கள் மாடி என்று இப்போது என் சின்னவளுக்குக்கூடத் தெரியும்.

என் புத்தி உனக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணியை ஒரு வாய் பார்க்காமல் திரும்ப மாட்டேன். சிக்கிமில் மூங்கில் குவளை நிறையப் புளித்த கேழ்வரகைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலைச் சொருகிக் கொடுத்தார்கள். தோங்பா என்று பேர். உறிஞ்ச உறிஞ்ச மேலே வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். நம் வீட்டுக் கூழ் மலையேறிப் போய்க் கெட்டுப்போன மாதிரி இருந்தது. கோவாவில் உராக். கொல்லாம்பழத்தை, அதான் முந்திரிப்பழத்தை, காலால் மிதித்துப் பிழிந்து, புளிக்கவிட்டு, ஒரு தடவை காய்ச்சினால் உராக். அதையே மறுபடி காய்ச்சினால் ஃபெனி. உராக் கோடைக்கு மட்டும்தான், மழை பிடித்துவிட்டால் கிடைக்காது. லிம்காவும் உப்பும் ஊற்றி, ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுத் தருவார்கள். அந்தத் தடவை ஃபெனி பாட்டிலின் மூடி மாண்டவி எக்ஸ்பிரஸில் கழன்றுகொண்ட கதை தெரியுமல்லவா? அழுகின கொல்லாம்பழ வாடையில் பெட்டி முழுக்க என்னையே பார்த்தது. விஜயா பன்வேல் வரை என்னோடு பேசவில்லை.

டஹாணுவில் நடந்தது இந்த ரகம் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பையனின் பாட்டி ஒரு கூடையோடு கிளம்பினாள். தூக்கம் வராமல் நானும் பின்னால் போனேன். காட்டு ஓரம் ஒரு பெரிய மரம். அதன் அடியில் சருகையெல்லாம் எரித்துத் தரையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். இருட்டில் சொத் சொத்தென்று என்னவோ விழுந்துகொண்டே இருந்தது. மோஹாப் பூ. ராத்திரி மலர்ந்து விடியும்போது உதிர்ந்துவிடும், வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். வெளிர் மஞ்சளில் திராட்சை மாதிரி உருண்டையாக, உள்ளே சாறோடு இருந்தது. ஒன்றை வாயில் போட்டேன். தித்திப்பு, பின்னாலேயே ஒரு கனத்த வாடை. அந்த வாடை எங்கேயோ பழகினது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

வெளிச்சம் வந்ததும் மேலே பார்த்தேன். கிளை நுனியில் கொத்துக் கொத்தாக இலை. இலுப்பைடா! நம் பெருமாள் கோயில் தெப்பக்குளத்துக் கரையில் நிற்குமே, அதே மரம். இங்கே இலை அகலம், நம்முடையது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொண்டு திரிகிறேன், அந்தச் சர்க்கரையை வாயில் போட்டது அன்றைக்குத்தான். நமக்கு அது கோயில் விளக்குக்கு எண்ணெய் தருகிற மரம். இவர்களுக்குப் பஞ்சத்தில் சோறு, விசேஷத்தில் சாராயம்.

ராத்திரி அடுப்பில் ஒரு பானை. காய்ந்த பூவை ஒரு வாரம் ஊறப்போட்டுப் புளிக்கவைத்தது உள்ளே கொதித்தது. மேலே இன்னொரு சட்டியில் பச்சைத்தண்ணீர். ஆவி அந்தக் குளிர்ச்சியில் பட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மேல் தண்ணீர் சுட்டதும் மாற்றினார்கள். எத்தனை தடவை மாற்றினார்கள் என்பதுதான் கணக்கு, மாற்ற மாற்றச் சரக்கு இளைத்துப்போகும். பையனின் தாத்தா முதல் கிண்ணத்திலிருந்து நாலு துளியைத் தரையில் விட்டார். அப்புறம்தான் எனக்கு. தொண்டையில் சூடு, மூக்கில் புகை, கடைசியில் அந்தப் பூ.

நன்றாக இருந்தது என்று மராத்தியில் சொன்னேன். கிழவர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் ஊரில் என்ன குடிப்பீர்கள்? உன் தாத்தா என்ன செய்தார்?"

பீர் என்றேன். தாத்தா விவசாயம் என்றேன்.

முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அச்சகத்தில் சொன்னேன், பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னேன், என் பிள்ளைகளிடமும் அதே. தாத்தா ஒரு நாளைக்கு நாற்பது பனை ஏறி இறங்கியவர். மரம் தேய்த்துத் தேய்த்து நெஞ்சில் காய்ப்பு விழுந்திருக்கும், வெயிலில் சட்டை இல்லாமல் உட்கார்ந்தால் பளபளக்கும். தளைநாரும் அரிவாள் பெட்டியுமாக அவர் வரப்பில் வருவதைப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் ஓடுவோமே. சுண்ணாம்பு தடவின கலயத்தைப் பெரியவர்களுக்குக் காட்டிவிட்டு, தடவாத கலயத்திலிருந்து நமக்கு ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? குடிக்கிற பனையோலைப் பட்டையில் நுரை ஒட்டியிருக்கும். நீ வீட்டில் போய் வாந்தியெடுத்து மாட்டிக்கொண்டு என்னையும் மாட்டிவிட்டாய். 87-ல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு அவர் பதநீரோடு நிறுத்திக்கொண்டார். நாமும் அதோடு சரி. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் தாத்தா காய்ச்சினதைக் காசு கொடுத்துக் குடித்திருக்கிறேன், என் தாத்தா இறக்கினதைப் பத்து வயசுக்குப் பிறகு குடித்ததே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கிழவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்பதுதான் இத்தனை நாளாக உறுத்துகிறது.

இதை உனக்கு எழுதலாமா என்றே நாலு நாள் யோசித்தேன். உங்கள் அண்ணன் விஷயம் எனக்கு மறக்கவில்லை. குடியைப் பற்றி யார் சிரித்துப் பேசினாலும் மதினி எழுந்து உள்ளே போய்விடுவார்களே, அதுவும் மறக்கவில்லை. நான் வீடு திரும்பியதும் விஜயா கேட்ட முதல் கேள்வியே மால்வணி ஞாபகம் இருக்கிறதா என்பதுதான். 2015 ஜூனில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து மும்பையின் அந்த மால்வணிக் குடிசைகளில் நூறு பேருக்கு மேல் போனார்கள். எங்கள் அச்சகத்துக்குப் பேப்பர் ஏற்றி வரும் டெம்போக்காரனின் மச்சான் அதில் ஒருவன். கள்ளக்குறிச்சி நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அதனால் கள்ளை மருந்து என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களோடு நான் சேர மாட்டேன். கள்ளிலும் வீடு அழிந்திருக்கிறது, நம் தெருவிலேயே அழிந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்று எனக்குச் செரிக்கவில்லை. கொல்லாம்பழ ஃபெனிக்குக் கோவாக்காரன் 2009-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டான். நம் ஊரில் 1978-லிருந்து பனை மாநில மரம், அதில் இறங்குகிற கள் மட்டும் குற்றம். பாட்டில் சரக்கை அரசாங்கமே கடை வைத்து விற்கலாம். இந்த டஹாணு பக்கத்திலும் இதே கூத்து ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. 1892-ல் வெள்ளைக்காரன் மௌரா சட்டம் என்று ஒன்று போட்டு, தாணா ஜில்லாவில் மோஹாப் பூ பொறுக்குவதற்கே கட்டு வைத்தான். சாராய வரி குறைகிறதாம்! பஞ்சத்தில் ஜனங்கள் அதைத் தின்று உயிர் பிழைத்தது அவன் கணக்கில் வரவில்லை. இந்த மாநிலத்தில் குடிப்பதற்கு இன்றைக்கும் பர்மிட் வேண்டும், தெரியுமா? உடல்நலத்தைப் பேணுவதற்காக என்று அதில் அச்சடித்திருக்கும். உன் டாக்டரிடம் காட்டிப் பார்.

கோபம் வந்தால் நீ எழுது, போனில் கத்தாதே, விஜயா பக்கத்தில் இருப்பாள். அப்புறம், எனக்கு உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். எங்கள் பழைய வீட்டு மச்சில் தாத்தாவின் அரிவாள் பெட்டி கிடக்கிறதா என்று ஏறிப் பார். சித்தப்பா விற்கப் போகிறார் என்று கேள்வி. மண்டை செல்வம் பழைய சாமான் வாங்க ஆள் பிடித்துக்கொண்டு அலைகிறான், அவன் கண்ணில் படுவதற்குள் உன் வீட்டில் கொண்டுபோய் வை. மே மாதம் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளிடம் சொல்ல வேண்டியதை அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வரும் என்று தோன்றுகிறது. தெப்பக்குளத்து இலுப்பை இன்னும் நிற்கிறதா, ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டதா, அதையும் எழுது.

காய்ந்த மோஹாப் பூ அரைக் கிலோ கூரியரில் வருகிறது. அம்மாவிடம் கொடு, வறுத்துத் தின்னலாம். அந்தக் காலத்தில் இலுப்பைப்பூ வறுத்துத் தின்ற கதை அவர்களிடம் இருக்கும், கேட்டு வை. நீ தொடாதே, முழுக்கச் சர்க்கரை. விஜயா போனில் கேட்டால் அது உலர்ந்த திராட்சை. பார்சல் மேலேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

உன்
தங்கராசு