குளத்துப் பனியும் உங்கள் சுத்தியலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார ‘வீடும் தோட்டமும்’ பக்கத்தில் தங்கமீன் குளங்களைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. “பனி மூடிவிட்டால் சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டு வழக்கம்போல உணவு போடவும். இறந்தாலும் கவலையில்லை, வசந்தத்தில் வேறு வாங்கிக்கொள்ளலாம்” என்று அதில் இருந்தது. எழுதியவர் வீட்டில் குளம் இல்லை என்பது உடனே விளங்கிவிட்டது. சுத்தியலாவது இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் என் வீட்டுப் பின்வளவில் நாலடி ஆழத்தில் ஒரு குளம் இருக்கிறது. ஜனவரியில் அதன்மேல் ஆள் நிற்கலாம் போல இறுகிக் கிடக்கும். அடியில் மீன்கள் உயிரோடுதான் இருக்கின்றன. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமானது. அந்தத் தண்ணீர் கீழே தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே உறைகிறது. மீன்கள் அந்த அடித்தண்ணீரில் செட்டை அசைந்தும் அசையாமலும் ஒதுங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் மேலே சுத்தியலால் அடித்தால் அதிர்ச்சி நேரே தண்ணீருக்குள் இறங்கும். தங்கமீனின் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சிறு எலும்புகளின் தொடர் ஒன்று ஓடுகிறது. நீங்கள் போடும் ஒவ்வொரு அடியும் அதன் உடம்புக்குள்ளேயே இடிக்கும்.

பனியில் துளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடியில் அழுகும் இலையிலிருந்து வரும் நச்சு வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் மீன் சாகும். அதனால்தான் மேப்பிள் இலை கொட்டும் முன்பே குளத்துக்கு வலை போட வேண்டும். வெப்பமானி இணைத்த மிதக்கும் சூடாக்கி வைத்திருப்பவர்களுக்குத் துளையைப் பற்றிக் கவலை இல்லை. அது குளம் முழுவதையும் சூடாக்காது, ஒரு வட்டத்தை மட்டும் உறையாமல் வைத்திருக்கும். மின்சாரம் நின்ற நாட்களில் நான் பழைய அலுமினியப் பானையில் கொதிநீர் நிரப்பிப் பனிமேல் வைப்பேன். பிடியில் கயிறு கட்டி மறுமுனையை வேலித்தூணில் முடிந்துவிட வேண்டும். பானையின் விளிம்பைச் சுற்றி ஈரம் கசியும், பிறகு அது மெல்லச் சாய்ந்து இறங்கும். கயிறு இல்லையென்றால் பானையும் மீன்களோடு குடியேறிவிடும். காற்றுப் பம்பி வைத்திருப்பவர்கள் அதன் குமிழி விடும் கல்லை அடியில் போடாமல் மேல்மட்டத்தில் தொங்கவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடியிலிருக்கும் 4 பாகைத் தண்ணீரையும் கலக்கிக் குளிரவைத்துவிடும்.

அடுத்தது உணவு. தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனதும் உணவை நிறுத்திவிட வேண்டும். அந்தக் குளிரில் மீனுக்குச் செரிக்காது. தின்னாமல் விட்டது அழுகி மேலும் வாயுவைக் கிளப்பும். பசியால் செத்துவிடுமோ என்று இரங்கி உங்கள் வாசகர் யாராவது இந்த வாரம் ஒரு பிடி போட்டிருந்தால் அந்தப் பாவம் உங்கள் பக்கத்தைத்தான் சேரும். ஒராண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை மீன்களை இலையுதிர் காலத்திலேயே வீட்டுக்குள் எடுக்க வேண்டும். கோமெட், ஷுபுங்கின் வகைகள்தாம் வெளியே தாங்கும். இதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

“வேறு வாங்கிக்கொள்ளலாம்” என்ற அந்த உயிர் எதைத் தாங்கக்கூடியது என்று தெரியுமா? ஒட்சிசன் இல்லாமல் போனால், உடலில் சேரும் லக்டிக் அமிலத்தை அது மதுசாரமாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விடுகிறது. இந்த வித்தைக்குப் பின்னால் இருக்கும் நொதியத்தை ஒஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள். அதன் உறவான குரூசியன் கெண்டையின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் ஏறுமாம். அந்த அளவோடு கார் ஓட்டினால் ஒன்ராறியோவில் பொலிஸ் நம்முடைய அனுமதிப்பத்திரத்தைப் பறித்துவிடும்.

உங்கள் தோட்டப் பக்கம் இப்படி எழுதுவது இது முதல் தடவையும் அல்ல. சித்திரை வருடப்பிறப்போடு கறிவேப்பிலையை வெளியே எடுத்து வைக்கலாம் என்று எழுதியவர்கள் நீங்கள். ரொறன்ரோவில் ஏப்ரல் 14 என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அலுவலகத்துக்கும் யன்னல் இருக்குமே. மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா தினம் வரை பொறுக்க வேண்டும் என்று கடிதம் எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அதே இதழில் வீடு விற்பனை முகவர்கள் கோட்டும் சூட்டுமாகப் பக்கம் பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாஸ்து மீன் விவகாரம் வேறு. எட்டுத் தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று அரைப் பக்கம் போட்டீர்கள். செல்வம் வரவில்லை என்று கண்டதும் அவற்றை மழைநீர்த் தேக்கக் குட்டைகளில் கொண்டுபோய் விடுகிறார்கள் நம்மவர்கள். எங்கள் தெருக்கோடிக் குட்டையில் சிவப்பாக மின்னுவதை நடக்கப் போகும்போது நானே பார்க்கிறேன். அங்கே அவை சாவதில்லை, பெருகுகின்றன. அடிச்சேற்றைக் கிளறி, நீர்ச்செடியைப் பிடுங்கி, உள்ளூர் மீனுக்கு இடமில்லாமல் செய்கின்றன. ஹமில்டன் துறைமுகத்தில் தங்கமீன்களுக்குச் சமிக்ஞைக் கருவி பொருத்தி மத்திய அரசின் ஆய்வாளர்கள் பின்தொடர வேண்டிய நிலை வந்திருக்கிறது. வளர்ப்பு மீனை ஏரியிலோ குட்டையிலோ விடுவது சட்டவிரோதம் என்று ஒரு வரி உங்கள் பத்திரிகையில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

பாண் வாங்கப் போகும் கடையில் இலவசமாக எடுக்கும் பத்திரிகைதானே, இவனுக்கு என்ன இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். குளிரைப் பற்றித் தமிழில் வாசிக்க எங்கள் வயதுக்காரர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? இங்கே இத்தனை குளிர்காலம் கழித்தவர்கள் இருக்கும்போது, இந்தக் குளிரை அறியாத ஒருவர் எழுதியதைப் போடுகிறீர்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. மார்ச் வரை பனி இருக்கும். ஆகவே வரும் இதழிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘சுத்தியல் வேண்டாம், உணவும் வேண்டாம்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். இடம் மிஞ்சினால் கறிவேப்பிலைக்கும் ஒரு வரி.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஸ்காபரோ