விளக்கு வைத்தபின் தடுமாறும் ஜி.பி.எஸ்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கடற்கரைச் செய்திகளில் ‘ஜி.பி.எஸ். பழுதானதால் வழி தவறினர்’ என்ற வரியை அடிக்கடி படிக்கிறோம். சில இரவுகளில் அந்தப் பழுது கருவியில் இருப்பதில்லை, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை விளக்கவே இக்கடிதம்.

சென்ற பங்குனியில், மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமீது, மைத்துனரின் நாட்டுப்படகுக் கருவியை வைத்துப் பார்த்தேன். ஆறு மணிக்குச் செயற்கைக்கோள்களைக் காட்டும் பட்டைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. எட்டரை மணியளவில் அவற்றுள் நான்கைந்து ஏறுவதும் இறங்குவதுமாகத் துடித்தன. இரண்டு மறைந்தே போயின. தொட்டிமீது அசையாமல் கிடந்த கருவி, படகு ஓடுவதாகத் திரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப்பின் தானாகவே சரியாயிற்று. இதே குறைக்காக முன்பு இருமுறை பழுது பார்க்கக் கொடுத்தும், பகலில் சோதித்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பித் தந்ததன் பொருள் அன்றுதான் விளங்கியது.

பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் அந்த அமைவிடமே காரணம். சூரியக் கதிர்கள் பகலெல்லாம் உண்டாக்கும் மின்துகள்களின் அடுக்காகிய அயனி மண்டலத்தில், பொழுது சாய்ந்ததும் கீழ்ப்பகுதி விரைந்து கரைந்துவிட, மேற்பகுதி மட்டும் அடர்த்தி குறையாமல் உயர்ந்து நிற்கிறது. நல்லெண்ணெய் மீது தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் குமிழ் குமிழாக மேலேறுவதைப் போல, இந்த நடுக்கோட்டின் மேலே அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து கிளம்பி மேலே பரவுகின்றன. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை அவற்றின் ஊடே சிதறி விண்மீனைப் போல மினுங்க, கருவி அந்தக் கோளின் பிடியை இழக்கிறது. பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில் இது மிகுதி. சூரியச் செயல்பாடு உச்சத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதால், அதையொட்டிய ஆண்டுகளிலும் மிகுதியாகவே இருக்கும். குமிழிகள் பிறப்பது நம் தலைக்கு மேலே என்றாலும், அவற்றால் கடுமையாகப் பாதிக்கப்படுவது அகமதாபாத், கொல்கத்தா வட்டாரங்களே என்பது ஒரு வேடிக்கை.

இதை வைத்து எல்லை தாண்டியதற்கெல்லாம் வானத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. இதனால் நேரும் பிழை பெரும்பாலும் சில பத்து மீட்டர்கள்தான். கிலோமீட்டர் கணக்கில் அல்ல. ஆனால் இருட்டில் பாம்பன் கால்வாயில் நுழைபவருக்கும், மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பார்களுக்கு (கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு) இடையே வலை வைத்திருப்பவருக்கும் இருபது மீட்டர் என்பது படகின் அடிப்பலகை தப்புமா உடையுமா என்ற வேறுபாடு.

இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் கருவி, அயனி மண்டலத்தால் சமிக்ஞைக்கு ஏற்படும் தாமதத்தைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். ஆனால் இந்த மினுங்கலை அது முழுமையாகத் தடுக்காது. நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான ‘நாவிக்’ உட்படப் பல நாட்டுக் கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் கருவியே கூடுதல் பயன் தரும். குமிழி வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் மறைப்பதில்லை என்பதால், சில கோள்கள் கைவிட்டாலும் மற்றவை கைகொடுக்கும்.

ஆகவே, மானியத்தில் கருவி வழங்கும்போது இத்தகைய கருவிகளையே தேர்ந்தெடுக்குமாறு மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அலை, காற்று எச்சரிக்கைகளைத் தமிழில் அனுப்பும் அமைப்புகளும், குமிழிகள் மிகுந்த மாதங்களில் ‘இரவு எட்டு மணி முதல் நள்ளிரவு வரை ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்ப வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். திசைகாட்டியும் படகில் இருக்க வேண்டும். என் மைத்துனரின் படகில் அது இருந்த ஆணியில் இப்போது கைப்பேசியின் சார்ஜர் தொங்குகிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.