செயலாளரின் ஆண்டறிக்கை: இளம் மருத்துவர்களுக்கான இசிஜி வகுப்புகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இசிஜி (இதயத்தின் மின் அலைகளைத் தாளில் பதியும் சோதனை) வகுப்புகளுக்கே போனது. அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். செயற்குழு வழக்கம்போலக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

முன்பெல்லாம் பாடநூல் படம்போலத் தெளிவான இசிஜிகளைத் திரையில் காட்டி விளக்கினோம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் இரவு டியூட்டியில் தாள் கைக்கு வந்ததும் தடுமாறினார்கள். குறை அவர்களிடம் இல்லை, நாம் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருந்தது. எனவே இந்த ஆண்டு, நடுக்கமும் அலைபாயும் அடிக்கோடுமாக வார்டில் எப்படி வருமோ அப்படிப்பட்ட தாள்களையே, நோயாளியின் பெயரையும் எண்ணையும் நீக்கிக் கொடுத்தோம். இயந்திரம் மேலே அச்சிடும் முடிவை மடித்து மறைத்தோம். ஒவ்வொருவரும் தன் முடிவை எழுதிவிட வேண்டும், அப்புறம்தான் பேச்சு. எழுதிக் கொடுத்தபின் தெரியவரும் தவறு லேசில் மறப்பதில்லை.

முதல் வகுப்பு முழுவதும் கட்டங்களுக்கே சரியாகிவிட்டது. தாள் விநாடிக்கு 25 மி.மீ. ஓடினால் பெரிய கட்டம் ஒன்று 0.2 விநாடி. துடிப்பு சீராக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு ஆர் அலைகளுக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் மேலெழும் கூர்முனை) நடுவே எத்தனை பெரிய கட்டங்களோ அந்த எண்ணால் 300-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது கிடைக்கும். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு தாள் 50 மி.மீ. வேகத்தில் ஓடியிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. 80 துடிப்பு 40 ஆகத் தெரிய, மந்தத் துடிப்பு என்று எழுதிவிட்டார்கள். வேகத்தையும், 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்ற அளவுக்குறியையும் முதலில் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

அதிகம் விவாதித்தது, இரு கை ஒயர்களும் இடம் மாறிய தாளைப் பற்றி. லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு. வழக்கத்துக்கு மாறாக முதல் லீட் தலைகீழாக இருந்தது, ஏவிஆர் என்ற லீட் நிமிர்ந்திருந்தது. 'இதயம் வலப்பக்கம்' என்று சிலர் எழுதினார்கள். என் பயிற்சிக் காலத்தில் நானும் அதையே சொல்லி ஒரு குடும்பத்தை வீணாகக் கலங்க வைத்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மார்பு லீட்களில் ஆர் அலை வழக்கம்போல வளர்ந்துகொண்டே போனால் இதயம் இருக்க வேண்டிய பக்கத்தில்தான் இருக்கிறது. ஒயரைச் சரிபார்த்து மறுபடி எடுப்பதே வழி.

இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பில் 2, 3, ஏவிஎஃப் லீட்களில் எஸ்டி (கூர்முனைக்கும் அடுத்த டி அலைக்கும் நடுவே உள்ள கோடு) உயர்வு தெளிவாகும் முன்பே ஏவிஎல் லீட்டில் அதன் தாழ்வு தெரியக்கூடும் என்பதை ஒரே நோயாளியின் அடுத்தடுத்த தாள்களை வைத்துக் காட்டினோம். ஒரு தாளோடு நிறுத்தக் கூடாது என்று நூறு முறை சொல்வதைவிட அது நன்றாகப் பதிந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தவரின் கூரான டி அலைக்கும் அகன்ற கியூஆர்எஸ்ஸுக்கும் (ஆர் கூர்முனையை உள்ளடக்கிய அலைத்தொகுதி) ஒரு வகுப்பு போதவில்லை. அதைத் திரும்ப நடத்த வேண்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இசிஜி எடுக்கும் செவிலியர்களையும் டெக்னீஷியன்களையும் நாம் அழைக்கவில்லை. வி1, வி2 என்ற மார்பு லீட்கள் நான்காம் விலா இடைவெளியில் ஒட்டப்படாமல் மேலே ஏறிவிட்டால், வாசிப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் ஏமாறக்கூடும். வரும் ஆண்டு முதல் வகுப்பையே அவர்களோடு சேர்ந்து நடத்த அனுமதி கோருகிறேன். உங்களிடம் உள்ள பழைய தாள்களை, அடையாளம் நீக்கி, அதற்கு முன் கொடுத்து உதவுங்கள்.

செயலாளர்