ஞாயிறு கசூரினாவில் கூழ்

வணக்கம் உறவுகளே. வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கூடிச் சமைக்கிறோம்.

1. ஒடியற்கூழ்தான் (காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) முதன்மை. மா கொண்டுவருவோர் முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் மேல்தண்ணீரை வடித்துவிடுங்கள், கைப்புக் குறையும். நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிந்தபின்தான் மா கரைத்து ஊற்றுவது. அடிப்பிடிக்காமல் துழாவ இருவர் தேவை.

2. சைவக்காரருக்குத் தனிப்பானை, தனி அகப்பை. இதில் கவனம்.

3. தேங்காய்ப்பால் கறி வேண்டாம், வெயிலுக்குப் பழுதாகிவிடும். அவித்த மரவள்ளி போதும்; சம்பலை அங்கேயே இடிப்போம்.

4. கூழ் குடிக்கப் பனையோலைப் பிளா (ஓலையை மடித்துச் செய்யும் கிண்ணம்) நான் கொண்டுவருகிறேன். குடிதண்ணீர் அவரவர்.

எத்தனை பேர், என்ன கொண்டுவருவீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள்.